எறும்பிடம் பாடம் கற்போம். கடை முதலை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம்!



மளிகைக் கடைக்காரருக்கு எறும்பைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. வெல்லச் சிப்பத்தில் ஓர் ஓரம் கிழிந்திருந்தால் நமக்கு முன்னால் கண்டுபிடிப்பது அதுதான். காலையில் கடை திறக்கும்போது நாலைந்து எறும்பு இங்குமங்கும் அலையும். மதியத்துக்குள் சுவரோரம் ஒரே கோடாக ஊர்வலம் போகும். மஞ்சள் தூள் தூவி, மூட்டையை இடம் மாற்றி, நாம் அதனுடன் போராடியே காலம் கழித்திருக்கிறோம். இதுவரை சர்க்கரை மூட்டைக்கு மட்டும் வந்துகொண்டிருந்த எறும்பு இப்போது நமது கல்லாப் பெட்டிக்கே வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நமது மண்டியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் இருக்கிறார். தவணை தவறாதவர். சென்ற தீபாவளிச் சமயத்தில் அவருடைய செக் திரும்பி வந்தது. நாம் ஆள் அனுப்பவில்லை, அவரே வந்தார். வந்தவர் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அண்ணாச்சி, பண்டிகைச் சரக்குக்கு வச்சிருந்த பணம் ஆறு லட்சம். அதுல வீட்டுக்காரி நகையை வச்சு வாங்கினதும் உண்டு. இப்ப ரெண்டேகால் லட்சம்தான் இருக்கு" என்றார்.

நடந்தது இதுதான். டேப்லெட்டுடன் ஓர் ஏஜென்ட் கடைக்கு வந்திருக்கிறார். திரையில் எறும்புகள் ஓடும் படத்தைக் காட்டி, "எறும்பு சர்க்கரையைத் தேடுற மாதிரி எங்க கம்ப்யூட்டர் லாபத்தைத் தேடும் சார். கடந்த மூணு வருஷக் கணக்கைப் பாருங்க, மாசம் நாலு பர்சென்ட்" என்று சொல்லியிருக்கிறார். இவரும் நம்பினார். பணம் அவர் பெயரிலுள்ள கணக்கில்தான் இருந்தது. யாரும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. யந்திரம் தானாக வாங்கியது, தானாக விற்றது, தானாகவே நஷ்டப்பட்டது. கேட்டதற்கு, "மார்க்கெட் சரியில்லை" என்று பதில் வந்ததாம்.

அவர் பாக்கி நின்றதால் நாம் பருப்பு மில்லுக்குத் தேதியில் பணம் கட்ட முடியவில்லை. மில்காரர் யாரிடம் என்ன சொன்னாரோ! ஒரு கடையின் முதல் கரைந்தால் அது அந்தக் கடையோடு நிற்பதில்லை என்பது நம் தொழிலில் எல்லோரும் அறிந்ததே. இப்போது அவர் வாரம் ஐயாயிரமாகக் கட்டி வருகிறார். "பேரைப் போடாம விஷயத்தை எழுதுங்க அண்ணாச்சி, நாலு பேருக்கு உதவட்டும்" என்று சொன்னவரும் அவரே.

இது போலிச் சரக்கா?

நாம் பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர்கள். தெரியாததைத் தெரியாமலே திட்டுவது முறையல்ல. எனவே பொறியியல் படிக்கும் மகள் வயிற்றுப் பேரனை உட்கார வைத்துக் கேட்டோம். அவன் சொன்னதையும், பிறகு நாம் விசாரித்துப் படித்ததையும் வைத்துச் சொல்கிறோம்: இந்தக் கணக்குமுறை போலி அல்ல. உண்மையான விஞ்ஞானம்தான். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

முதலைப் பல இடத்தில் பிரித்துப் போடுவது எப்படி என்பதற்கு 1952ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹாரி மார்கோவிட்ஸ் என்பவர் கணக்கு வகுத்தார். அதற்காக 1990இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் சொன்னதைக் கடை பாஷையில் சொல்லலாம். துவரை, உளுந்து, பாசிப்பயறு மூன்றையும் வாங்கி வைத்துவிட்டு, "நான் பிரித்து வைத்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம். மழை பொய்த்தால் மூன்றும் சேர்ந்தே ஏறும்; விளைச்சல் கொட்டினால் மூன்றும் சேர்ந்தே இறங்கும். வெயிலுக்கு நன்னாரி சர்பத், மழைக்குச் சுக்கும் மிளகும் என்று வைப்பவரே உண்மையில் பிரித்தவர். எத்தனை சரக்கு என்பதைவிட, எது எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதே முக்கியம். மார்கோவிட்ஸ் பங்குகளுக்கு இதைக் கணக்காக எழுதிக் காட்டினார்.

ஆனால் எண்ணிக்கை பெருகும்போது சிக்கல் வருகிறது. நிஃப்டியில் உள்ள 50 பங்குகளில் ஏதேனும் பத்தை மட்டும் பொறுக்க வேண்டும் என்றால் எத்தனை விதமாகப் பொறுக்கலாம் தெரியுமா? ஏறத்தாழ 1,027 கோடி விதம்! அந்தப் பத்தில் எதற்கு எத்தனை ரூபாய் என்பது தனிக் கணக்கு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடிகிற காரியமல்ல இது.

இந்த இடத்தில்தான் இயற்கையிடம் கடன் வாங்கினார்கள். எறும்பு போகும் வழியில் ஒரு வாசனையைப் பூசிக்கொண்டு போகிறது. குறுக்கு வழியில் போன எறும்பு சீக்கிரம் திரும்பி வருவதால் அந்த வழியில் வாசனை தடித்துப் போகிறது. பின்னால் வருபவை அதையே பிடித்துக்கொள்கின்றன. யாரும் போகாத வழியின் வாசனை காற்றில் ஆவியாகிவிடும். மேஸ்திரி இல்லை, கணக்குப்பிள்ளை இல்லை. ஆனாலும் கூட்டம் நல்ல வழியைக் கண்டுபிடித்துவிடுகிறது. இத்தாலியில் மிலான் நகரில் மார்கோ டொரிகோ என்ற மாணவர் 1992இல் தமது ஆராய்ச்சிப் பட்டத்துக்காக இதைக் கம்ப்யூட்டர் கணக்காக்கினார். கம்ப்யூட்டருக்குள் கற்பனை எறும்புகள் பல தேர்வுகளைச் செய்து பார்க்கும். நன்றாக அமைந்த தேர்வுக்கு மதிப்பெண் ஏறும்; மற்றவற்றுக்கு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குறையும்.

இதற்கு முன்பே 1975இல் ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர், குடியானவர் நல்ல விதையாகப் பார்த்துப் பொறுக்கி, ஒன்றோடொன்று கலந்து, தலைமுறைக்குத் தலைமுறை மேம்படுத்துவதைப் போல ஒரு முறையைச் சொல்லியிருந்தார். 1995இல் கென்னடி, எபர்ஹார்ட் என்ற இருவர் பறவைக் கூட்டத்தைப் பார்த்து இன்னொன்றைச் செய்தார்கள்: ஒவ்வொரு பறவையும் தான் கண்ட நல்ல இடத்தையும் கூட்டம் கண்ட நல்ல இடத்தையும் நினைவில் வைத்துப் பறக்கும்.

இவை முதலீட்டுக் கணக்குக்கும் பயன்பட்டன. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஹாங்காங்கின் 31 பங்குகள் தொடங்கி ஜப்பானின் 225 பங்குகள் வரை ஐந்து சந்தைகளை எடுத்துக்கொண்டு, பத்துப் பங்குகள்தான் வைக்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு ஹாலண்ட் முறை உள்ளிட்ட மூன்று முறைகளைச் சோதித்தார்கள். மலைபோலக் குவிந்த வாய்ப்புகளில் நல்லதொன்றை விரைவில் தேடி எடுக்க இம்முறைகள் உதவும். இதை மறுப்பதற்கில்லை.

துவரம் பருப்பு கற்பித்த பாடம்

அப்படியானால் நமது நண்பரின் பணம் ஏன் கரைந்தது?

2015 அக்டோபரில் சில்லறைக் கடைகளில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்தப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, "துவரைக்கு இனி இறக்கமில்லை" என்று முடிவு கட்டினோம். சட்டம் அனுமதித்த அளவுக்குள் 2016இல் வாங்கி அடுக்கினோம். அந்த ஆண்டு மழையும் பெய்தது; விலையைப் பார்த்த விவசாயிகள் எல்லோரும் துவரையே விதைத்தார்கள்; விளைச்சல் குவிந்தது. 2017 தொடக்கத்தில் துவரை, அரசின் ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 5,050 ரூபாய்க்கும் கீழே போனது. நாம் பட்ட நஷ்டத்தை அடைக்க இரண்டு வருடம் பிடித்தது.

நமது கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. பேரேட்டிலும் பிழை இல்லை. ஆனால் அது சென்ற ஆண்டின் பேரேடு! நமது புத்தி செய்த அதே தவறைத்தான் எறும்புக் கணக்கும் செய்கிறது. நம்மைவிட ஆயிரம் மடங்கு வேகமாகச் செய்கிறது. கம்ப்யூட்டருக்குள் விடப்படும் எறும்புகள் மேய்வது நேற்றைய விலைகளில். அவை தேடிக் கொடுப்பது "கடந்த மூன்று ஆண்டுகளில் எதை வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்பதற்கான விடை. ஏஜென்ட் காட்டிய மாதம் நாலு சதவீதம், தேர்வு முடிந்த பிறகு கேள்வித்தாளைப் பார்த்து எழுதிய விடைத்தாள்.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். டொரிகோவின் எறும்புகள் முதன்முதலில் ஓடியது ஊர் ஊராகச் சுற்றிவரும் விற்பனையாளரின் வழியைக் குறுக்குவதற்கு. நமது லைன் வண்டி நாற்பது கடைக்குச் சரக்கு இறக்கிவிட்டு எந்த வரிசையில் போனால் டீசல் மிச்சம் என்ற அதே கணக்கு. சுவிட்சர்லாந்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் லாரிகளுக்கு எறும்பு முறையில் வழி வகுத்ததை 2007இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று விவரிக்கிறது. அந்த வேலை எறும்புக்குப் பொருத்தம். ஏனென்றால் மார்க்கெட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு எத்தனை கிலோமீட்டரோ, நாளையும் அத்தனையே. பங்கின் விலை அப்படியா? இன்றைக்குக் குறுக்கு வழியாக இருந்தது நாளைக்குப் பள்ளமாகிவிடும். 2020 மார்ச் 23 அன்று கொரோனா ஊரடங்குப் பீதியில் நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் சரிந்தது. சேர்ந்து இறங்காது என்று கணக்குப் போட்டுப் பிரித்து வைத்திருந்த பங்குகள் அன்று சேர்ந்தே இறங்கின.

சமமாகப் பிரித்தவர் தோற்கவில்லை

இன்னொன்றையும் கேளுங்கள். டிமிகெல், கார்லாப்பி, உப்பல் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2009இல் ஒரு பரீட்சை வைத்தார்கள். ஒரு பக்கம், பிரித்துப் போடுவதற்கான 14 கணக்குமுறைகள். மறுபக்கம், எந்தக் கணக்கும் இல்லாமல் எல்லாவற்றிலும் சம பங்காகப் போடுவது. ஏழு விதமான விலைத் தொகுப்புகளில் பார்த்தார்கள். 14 முறைகளில் ஒன்றுகூட எல்லா இடத்திலும் சம பங்கை வெல்லவில்லை! 25 பங்குகளுக்கு மார்கோவிட்ஸ் கணக்கு சம பங்கை ஜெயிக்க வேண்டுமானால் சுமார் 3,000 மாத விலைப் பட்டியல் வேண்டும் என்றும் கணக்கிட்டார்கள். மூவாயிரம் மாதம் என்றால் 250 வருடம். எந்தப் பேரேட்டில் இருக்கிறது அத்தனை கணக்கு?

மார்கோவிட்ஸே தமது ஓய்வுக்காலச் சேமிப்பைப் பாதி பங்கிலும் பாதி கடன் பத்திரத்திலும் போட்டதாகச் சொல்லியிருக்கிறார். நோபல் பரிசு வாங்கித் தந்த கணக்கைக்கூட அவர் தம் சொந்தப் பணத்துக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லை.

சம பங்கு லாபத்துக்கு உத்தரவாதம் என்று நாம் சொல்லவில்லை. நாலைந்து இடத்தில் மட்டும் பணம் போடுகிற நமக்கு 1,027 கோடி வழிகளைத் தேடும் யந்திரம் எதற்கு? எலுமிச்சம்பழம் எடுத்துவர யாராவது லாரி பிடிப்பார்களா?

லேபிளைப் பார்த்து மயங்க வேண்டாம்

எறும்புக்குப் பிறகு 2005இல் தேனீ வந்தது. பிறகு மின்மினி, குயில், வௌவால் வந்தன. 2014இல் ஓநாயும் வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கென்னத் சோரன்சன் என்ற ஆய்வாளர், இப்படி உவமையை மட்டும் மாற்றி மாற்றிப் புது முறை என்று சொல்வதைக் கண்டித்து 2015இல் எழுதினார். பழைய சரக்கைப் புதுப் பொட்டலத்தில் போட்டுப் புது விலை வைப்பது எல்லாத் தொழிலிலும் உண்டு போலும்! எந்த ஒரு தேடல் முறையும் எல்லாவிதக் கணக்குக்கும் சிறந்ததாக இருக்க முடியாது என்பதை வோல்பர்ட், மெக்ரெடி என்ற இருவர் 1997இலேயே நிரூபித்துவிட்டார்கள்.

எறும்பும் வழிதவறும் என்பதை நினைவில் வையுங்கள். தென் அமெரிக்கக் காடுகளில் படையெறும்பு என்று ஒன்று உண்டு. கூட்டத்திலிருந்து பிரிந்த எறும்புகள் முன்னால் போகும் எறும்பின் வாசனையை மட்டும் பிடித்துப் போவதால், சில சமயம் வட்டமாகச் சுற்றிச் சுற்றியே களைத்துச் சாகும். 1,200 அடிச் சுற்றளவில் அப்படி ஒரு வட்டத்தைக் கண்டதாக வில்லியம் பீபி என்ற இயற்கை ஆய்வாளர் 1921இல் எழுதியிருக்கிறார். 2007 ஆகஸ்டில் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கணக்கில் ஓடிய பல பெரிய நிதிகள் ஒரே வாரத்தில் அடிவாங்கின. எல்லோரும் ஏறத்தாழ ஒரே வாசனையைப் பிடித்துப் போயிருந்தார்கள். ஒருவர் விற்கத் தொடங்கியதும் எல்லோரும் விற்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தைப் பற்றி செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். எல்லோரும் சேர்ந்து இழந்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். லாபம் பார்த்த வெளிநாட்டு நிதிகளும் பெரிய நிறுவனங்களும் 2023-24இல் சம்பாதித்ததில் 96, 97 சதவீதம் யந்திர வியாபாரத்தில் வந்ததாம். இதைக் காட்டி, "பார்த்தீர்களா, யந்திரம்தான் ஜெயிக்கிறது" என்பார் ஏஜென்ட். ஜெயித்தது அவர்கள் சொந்தமாகச் செய்து, சொந்த முதலில், சந்தைக்குப் பக்கத்திலேயே வைத்து ஓட்டுகிற யந்திரம். மாதம் நாலு சதவீதம் நிச்சயமாகத் தரும் யந்திரம் ஒருவரிடம் இருந்தால், அவர் மளிகைக் கடை வாசலில் ஏன் வெயிலில் நிற்கிறார்?

நாம் செய்ய வேண்டியது

"ஜி.எஸ்.டி.க்கும் பில்லுக்கும் கம்ப்யூட்டர் வேண்டும், முதலீட்டுக்கு மட்டும் வேண்டாமா?" என்று நமது இளைய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கம்ப்யூட்டர் நடந்ததைக் கூட்டிச் சொல்லும்போது நம்புங்கள். நடக்கப்போவதைச் சொல்வதாக யாராவது சொல்லும்போது ஆற்றில் போட்டாலும் அளந்து போடுங்கள். அனுபவத்தில் நாம் சொல்வது:

முதலாவது, கடையின் சுழல் முதல் வேறு, சேமிப்பு வேறு. சரக்குக்கான பணம், தவணைக்கான பணம், நகை வைத்து வாங்கிய பணம் ஆகியவற்றை எந்த யந்திரத்துக்கும் கொடுக்கக் கூடாது. இந்தப் பணத்தில் மொத்த வியாபாரிக்கும் மில்காரருக்கும் உரிய பங்கு இருக்கிறது.

இரண்டாவது, வருபவரிடம் செபி பதிவு எண்ணையும், பங்குச் சந்தையின் பட்டியலில் அவர்களுடைய நிறுவனம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். சில்லறை முதலீட்டாளர்களுக்கான யந்திர வியாபாரத்துக்கு செபி 2025 பிப்ரவரியில் விதிகள் வகுத்திருக்கிறது. கணக்குமுறையை வெளியே காட்டாமல் விற்பவர் ஆய்வாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இத்தனை சதவீதம் வரும் என்று காட்டி விற்கும் தளங்களோடு தரகர்கள் சேரக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே செபி தடுத்துவிட்டது. எனவே லாப சதவீதத்தை முதலில் சொல்பவரை வாசலிலேயே அனுப்பிவிடலாம்.

மூன்றாவது, பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எதையும் கொடுக்காதீர்கள். கல்லாச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்போமா?

நான்காவது, சேமிப்பைப் பிரிக்கும்போது ஒன்றுக்கொன்று உறவில்லாத நாலு இடமாகப் பாருங்கள். வங்கியில் போட்டால் ஒரு வங்கிக்கு, ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு என்பதை மனதில் வைத்துப் பிரியுங்கள்.

ஐந்தாவது, எறும்பை வேலைக்கு வைக்க ஆசைப்படும் இளைஞர்கள் அதை நமது லைன் வண்டிக்கு வையுங்கள். வாரத்தில் நூறு ரூபாய் டீசல் மிச்சமானாலும் அது நிச்சய லாபம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். நம் கடைகள் வளர்ந்ததும் அப்படித்தான். ஒரே இரவில் எந்தக் கடையும் எழவில்லை. எறும்பிடம் கற்க வேறொன்றும் இருக்கிறது. பயன் தராத வழியின் வாசனையை அது ஆவியாக விட்டுவிடுகிறது. நஷ்டம் கண்ட நண்பர்கள் "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று மறுபடி அதே வழியில் போகாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். நமது நண்பர் நிறுத்திவிட்டார். மீதமிருந்த ரெண்டேகால் லட்சத்தை எடுத்து, பொங்கலுக்கு வெல்லமும் பாசிப்பருப்பும் வாங்கி அடுக்கினார். பொங்கல் முடிந்த மறுவாரம் பாக்கியில் ஒரு பெரிய தொகையைக் கட்டிவிட்டு, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இந்த லாபம்தான் அண்ணாச்சி கண்ணுக்குத் தெரியுது" என்றார்.

சிந்திப்போம், நம் முதலை நாமே காப்போம்!